ஸ்பிரிட்டில் கரைந்த குரல்

ஒரு தாயின் குரலை நான் அழித்தேன். ஒருமுறை அல்ல, இருமுறை. முதல்முறை தவறுதலாக. இரண்டாம் முறை, தெரிந்தே!

முகம் சுளிக்காதீர்கள். நான் தொழில் தெரியாதவன் அல்ல. வேலூர் லாங் பஜாரில் இருக்கும் என் கடையைத் தேடிச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். வினைல் தட்டுகளுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கும் காலம் இது. உலகத்துப் பாட்டெல்லாம் கைப்பேசியில் இருந்தும், ஒரு தட்டை உறையிலிருந்து உருவி டர்ன்டேபிளில் வைக்கும் சுகத்துக்காகவே செலவழிக்கிறார்கள். கீறல் விழுந்த தட்டையும் பாட வைப்பவன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர் சும்மா வந்ததல்ல.

கடை வைப்பதற்கு முன் ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருந்தேன். அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தோலுக்கு மெருகேற்றுவது என் வேலை. ஆக, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை!

சமீனா அக்கா ஆம்பூர்க்காரர். துணியில் சுற்றிய ஒரு கறுப்புத் தட்டோடு கடைக்கு வந்தார்.

"தம்பி, இது எங்கம்மா பாடுனது. அவங்க மொகம்கூட எனக்கு நெனப்பு இல்ல. கொரலையாச்சும் ஒரு தபா கேட்டுடணும்."

அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்துவிட்டார். மணமாவதற்கு முன் அந்தப் பெண் சென்னைக்குப் போய் ஒரே ஒரு உருது கஜலைப் பாடிப் பதிந்திருக்கிறார். குடும்பத்துக்கு அது பிடிக்கவில்லை. தட்டு டிரங்குப் பெட்டியின் அடிக்குப் போய்விட்டது. வேறு பிரதி கிடையாது. நடுவில் ஒட்டியிருந்த காகிதத்தைக்கூடப் பூச்சி அரித்திருந்தது.

கழுவாத தட்டின்மேல் நான் ஊசி வைப்பதில்லை. ஊசி விற்கும் விலை அப்படி! வினைலைத் துடைக்க ஸ்பிரிட் கலந்த நீர்தான் என் கைமருந்து. அன்றும் அதில் துணியை நனைத்துத் துடைத்தேன். துணியில் கறுப்பு ஏறியது. அடேயப்பா, எத்தனை காலத்து அழுக்கு என்று மகிழ்ந்துபோனேன்... வெறும் ஸ்பிரிட்டையே ஊற்றி இன்னும் அழுத்தித் தேய்த்தேன். இரண்டு பக்கமும்.

அது அழுக்கல்ல. தட்டே கரைந்துகொண்டிருந்தது! வினைலுக்கு முந்தைய தட்டுகள் அரக்கால் ஆனவை. எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நாள் முழுக்க வினைலையே தொட்டுப் பழகிய கை, அந்தத் தட்டின் கனத்தைக்கூட உணரவில்லை. ஊசியை வைத்தேன். இரைச்சல் மட்டுமே வந்தது. அந்தப் பெண் என்ன பாடினார் என்பது எனக்கும் தெரியாது.

சொல்லியிருக்கலாம். என் பெயர் என்னாவது? கடையில் விற்காமல் கிடந்த அரக்குத் தட்டுகளில் யாரோ ஒரு பெண் பாடிய உருது கஜல் ஒன்று இருந்தது. அதை ஒரு பென் டிரைவில் பதிந்து கொடுத்தேன். "தட்டு ரொம்ப தேஞ்சி போச்சிக்கா, இனிமே ஊசி வெக்காதீங்க" என்று அசலையும் திருப்பித் தந்தேன். அக்கா கடையிலேயே கேட்டுவிட்டு என் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் கைகளை உருவிக்கொள்ளவில்லை.

இதோடு முடிந்திருந்தால் உங்களிடம் இதைச் சொல்ல வந்திருக்கவே மாட்டேன்.

சென்ற ஆண்டு ஒரு திருமணத்துக்காக சமீனா அக்காவின் காலா, அதாவது அவர் தாயின் தங்கை, பெங்களூரிலிருந்து ஆம்பூருக்கு வந்தார். தன் அக்கா பாடக் கேட்டு வளர்ந்த காதுகள் அவருடையவை. அந்தக் குரலை அறிந்தவர் உலகத்தில் அவர் ஒருவரே மிஞ்சியிருந்தார். நல்ல ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டுக்காட்ட வேண்டும் என்று சமீனா அக்கா என்னை வரச் சொன்னார். போனேன்.

பாட்டு தொடங்கியதுமே காலா தலையாட்டினார்.

"இன்னாமா இது? இது அவ இல்லியே. அவளுக்குக் கொரல் இன்னும் கனமா இருக்கும்."

சமீனா அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. என்னைத்தான் பார்த்தார். அந்த நொடியில் நான் வாயைத் திறந்தேன்... திறந்து என்ன சொன்னேன் தெரியுமா?

"பழைய தட்டும்மா. அந்தக் காலத்து மைக்ல கனமான கொரலும் மெலிசாத்தான் விழும். நான் எவ்ளோ தட்டு பாத்திருக்கேன்."

எவ்வளவு நிதானமாகச் சொன்னேன்! தொழில் தெரிந்தவன் சொன்னால் யார் மறுப்பார்கள்? காலா மறுபடி போடச் சொன்னார். கண்களை மூடிக்கொண்டார். இன்னொரு முறை கேட்டார். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விசும்பினார்.

"அவதான். எனக்குத்தான் மறந்து போச்சி. மன்னிச்சிக்கோ ஆபா..."

இறந்துபோன தன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டார், அவர்! அந்தக் காதுகளில் மட்டும் எஞ்சியிருந்த உண்மையான குரலை அன்று நான் துடைத்தெடுத்தேன். இப்போது காலாவும் இல்லை.

போன வாரம் சமீனா அக்கா கடைக்கு வந்தார். இப்போதெல்லாம் ஒரே ஒரு பிரதி வேண்டுமென்றாலும் புதிதாக வினைல் தட்டில் வெட்டிப் பதிந்து தருகிறார்கள். அந்தப் பாட்டைத் தட்டாக்கித் தர வேண்டுமாம். நடுவில் தன் தாயின் பெயரை அச்சிட வேண்டுமாம். எழுத்துப் பிழை வரக் கூடாதென்று ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னார்.

சரி என்றேன். வேலை சுத்தமாக இருக்கும்.