மாமாவின் தள்ளுகோல்

அம்மாவின் அண்ணன் மயிலாப்பூரிலிருந்து ஆவடிக்கு நடந்தே வந்தார். தோளில் ஒரு மூங்கில் தள்ளுகோல், மூன்று ஆள் உயரம். எந்தக் கண்டக்டர் அதை ஏற்றுவார்? பறக்கும் ரயிலுக்குத் தூண் நடவேண்டுமென்று பக்கிங்காம் கால்வாய்க் கரையிலிருந்த அவர் குடிசையை எடுத்துவிட்டார்கள். சட்டி பானையை யாருக்கோ கொடுத்துவிட்டுக் கோலை மட்டும் கொண்டுவந்திருந்தார். இளவயதில் மரக்காணத்து உப்பும் ஆந்திரத்து விறகும் ஏற்றிய படகுகளை அந்தக் கோலால்தான் தள்ளினாராம். எங்கள் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குழாயிலேயே தண்ணீர் ஒழுங்காக வராது.

எனக்குத் தெரிந்து கோலுக்கு அங்கே ஒரே வேலைதான் இருந்தது. எங்கள் டிவியில் எல்லாமே புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். கோலைப் பாதியாக அறுத்து ஆன்டெனா கட்டலாம் என்றார் அப்பா.

"அறுக்காம கட்டிக்கோ மாப்ள. படகு வந்தா திருப்பி எடுத்துப்பேன்" என்றார் மாமா.

முழுக்கோலும் மாடியில் நின்றது. குவார்ட்டர்ஸிலேயே உயரமான ஆன்டெனா எங்களுடையதுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிடும்போது அப்பா சும்மா இருக்காமல் வாயை விட்டார்.

"மச்சான், அது கால்வாய் இல்ல, சாக்கடை. முழங்கால் ஆழம் கிடையாது. அதுல படகாவது, வர்றதாவது."

மாமா பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினார். மாடியேறி ஆன்டெனாவைக் கழற்றி வைத்தார். கோலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

சாயங்காலப் படம் பார்க்க வந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் ஏமாந்து திரும்பினார்கள். இனி மாமாவோடு பேசுவதில்லை என்று சபதம் செய்தேன்.

மறுநாள் மாலை வந்தார். கோலின் அடியில் என் கழுத்து உயரத்துக்குக் கறுப்பு ஏறியிருந்தது. தெருவே மூக்கைப் பொத்தியது. அவர் வாசலில் கோலை ஊன்றி நின்றார்.

"பாத்தியா மாப்ள? இம்மாம் ஆழம் கீது. படகு போவும். தூணு நட்றவங்களுக்கும் காமிச்சிட்டுத்தான் வரேன்."

"அவங்க இன்னாண்ணா சொன்னாங்க?" என்றாள் அம்மா.

"சிரிச்சானுங்க. சிரிக்கட்டும்."

அப்பா கோலைக் கழுவ வாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். மாமா கழுவ விடவில்லை. கறையோடுதான் ஆன்டெனா மறுபடி ஏறியது.

நான் சபதத்தை மறந்து, மாமா ஜெயித்துவிட்டார் என்று வீடு வீடாகச் சொல்லிவந்தேன். அந்தக் கறுப்பில் தண்ணீர் எவ்வளவு, சேறு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. அத்தனை காலம் கோல் பிடித்த கைக்கு அது தெரியாதா? அப்பாவுக்கும் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை.