கறுப்பாகிப் போன சிவப்பு வரி

தகடு வளைக்கும் அந்தத் தொழிற்சாலையில் எல்லோரும் அவரைத் திரைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். இயந்திரங்கள் தங்கள் நிலையைச் சொல்லிக் கணினியின் கருந்திரையில் கக்கும் வரிகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது அவர் வேலை. பச்சை வரி வந்தால் பயமில்லை. சிவப்பு வந்தால் யாரும் கிட்டே போகக்கூடாது.

அந்த வரிகள் எல்லோர் கைபேசியிலும் இணையப் பக்கமாக வர வேண்டும் என்றார் மேலாளர். இரண்டே நாள் கெடு. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் நிறத்தைச் சொல்லும் எண் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். அதைப் பிடித்து, இணையப் பக்கத்துக்குப் புரியும் நிறக்குறியை வரியைச் சுற்றிப் போட்டால் நிறம் பக்கத்திலும் வந்துவிடும். திரைக்காரர் நிரல் எழுதி முடித்தார். சோதித்துப் பார்க்க ஒரு வாரம் கேட்டதை மேலாளர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை பெரிய அழுத்து இயந்திரத்தில் தகடு சிக்கியது. இயந்திரம் பழுதுபார்க்கும் ஃபிட்டர் கைபேசியைப் பார்த்தான். சிவப்பு இல்லை. கையை உள்ளே விட்டான். இயந்திரம் இறங்கியது. அவன் அலறுவதற்கு முன்பே எலும்பு நொறுங்கும் சத்தம் கேட்டது. கடப்பாரை போட்டு நெம்பிக் கையை எடுத்தபோது நான்கு விரல்கள் இல்லை.

ஃபிட்டர் வேறு யாருமல்ல, திரைக்காரருடைய மனைவியின் தம்பி.

திரைக்காரர் கருந்திரைக்கு ஓடினார். 'அழுத்தம் இறங்கவில்லை' என்ற வரி தடித்த சிவப்பில் நின்றது. இணையப் பக்கத்தில் அதே வரி சாதாரணக் கறுப்பில், மற்ற வரிகளோடு வரியாகக் கிடந்தது. தடித்த சிவப்புக்கு இரண்டு எண்கள் சேர்ந்து வரும். ஒற்றை எண்ணை மட்டுமே படிக்கத் தெரிந்த நிரல் இரண்டையும் தூக்கி எறிந்திருந்தது.

மருத்துவமனைக்குப் போய் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். கேட்டு முடித்த ஃபிட்டர் இடக்கையால் மருந்துத் தட்டை எடுத்து அவர் முகத்தில் அறைந்தான். புருவம் கிழிந்தது.

"சிவப்புன்னு காட்டியிருந்தா நான் கையை விட்டிருப்பேனா மாமா?"

மறுபடி ஓங்கினான். குறுக்கே பாய்ந்த அக்காவின் தோளில் அடி விழுந்தது. அப்புறம்தான் தட்டைப் போட்டுவிட்டு அழுதான்.

மறுநாள் மேலாளர் தாள் ஒன்றை நீட்டினார். ஃபிட்டரின் கவனக்குறைவு என்று அதில் எழுதியிருந்தது.

"கையெழுத்துப் போடுங்க. நீங்களும் தப்பிச்சிக்கலாம்."

"தப்பு என் நிரல்ல. அவசரப்படுத்தினது நீங்க. ரெண்டையும் எழுதுங்க, போடறேன்."

மேலாளர் கண்ணைக் காட்டினார். காவலாளிகள் இருவர் திரைக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்துப்போய்ப் படிக்கட்டில் உருட்டிவிட்டார்கள். விலா எலும்பு இரண்டு முறிந்தது. மூச்சு விட்டால் குத்தியது. அப்படியே நேராகத் தொழிலாளர் ஆய்வாளரிடம் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். ஆய்வாளர் இயந்திரத்துக்கு முத்திரை வைத்தார். மேலாளரின் வேலை போயிற்று. திரைக்காரருடைய வேலையும்தான்.

ஃபிட்டர் இடக்கையால் திருப்புளி பிடிக்கப் பழகிக்கொண்டான். அக்கா வீட்டுக்கு வருகிறான், சாப்பிடுகிறான். திரைக்காரர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாலும், "மாமாகிட்ட உப்பை நகர்த்தச் சொல்லுக்கா" என்கிறான். அவள் வாயைத் திறப்பதற்குள் உப்பு அவன் பக்கம் போய்விடுகிறது.