கோரைப்பல் மட்டும்தான் பிறவி

நாடகத்துக்கு மேக்கப் போடுகிறவனிடம் தேவரும் அசுரரும் ஒரே டப்பாவிலிருந்துதான் பிறக்கிறார்கள். எழுபதுகளில் வில்லியனூர், பாகூர் பக்கம் எந்த ஊரில் திருவிழா நாடகம் என்றாலும் என் தகரப் பெட்டியும் போய் இறங்கும். உங்களில் யாராவது பள்ளிக்கூட ஆண்டு விழாவில், உடம்பு வாட்டசாட்டமாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ராட்சசனாக நிறுத்தப்பட்டிருந்தால், நான் சொல்லப்போவது உங்களுக்குச் சட்டென்று புரியும்.

சிரிப்பு எங்கிருந்து வந்தது

நெட்டப்பாக்கத்தில் ராமலிங்கம் என்று ஒரு வாத்தியார். பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் நாடக ஒத்திகை. கதையும் அவரே எழுதுவார். எல்லாக் கதையிலும் ஒரு ராட்சசன் உண்டு. காலை அகட்டி நடப்பான், இரண்டு கையாலும் அள்ளித் தின்பான், காரணமில்லாமல் சிரிப்பான், கடைசியில் ராஜகுமாரன் கையால் சாவான்.

ஒருநாள் நான் கேட்டேன். கோரைப்பல்லும் பச்சை உடம்பும் பிறக்கும்போதே வந்தவை, சரி. அந்தச் சிரிப்பை அவனுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நல்ல மனிதர்கள் எடுத்து வளர்த்திருந்தால் அவனும் ஒரு கையால் சாப்பிட்டிருக்க மாட்டானா? வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பல்லு பிறவிதான்யா, ஒத்துக்கறேன். சிரிப்பு வளர்ப்புன்னு வச்சா, அப்புறம் அவன எதுக்குக் கொன்னீங்கன்னு ஊர்ல கேப்பாங்க."

சம்மனசின் நிறம்

வில்லியனூருக்குப் பக்கத்தில் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த ஒரு கிராமத்தில் கிறிஸ்துமஸ் நாடகம். அருள்மேரி என்ற பெண்ணுக்குச் சம்மனசு வேஷம், அதாவது தேவதூதர். குரலுக்காகக் கிடைத்த வேஷம் அது. சின்ன வயசிலிருந்து ஆசைப்பட்டதாகவும், வருஷா வருஷம் ஆடு மேய்க்கிறவளாகவே நிற்க வைத்ததாகவும் சொல்லிக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தாள். கறுத்த பெண். முகம், கை எல்லாம் வெள்ளையாகப் பூசிவிடும்படி பெரியவர்கள் என்னிடம் சொல்லியிருந்தார்கள்.

ஒரு கைக்கு முழங்கை வரை பூசி முடித்தேன். அவள் இரண்டு கையையும் மடியில் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தாள். இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்த வேஷத்தை வேறு யாரோ வந்து போட்டுக்கொண்டு போவதைப் போல இருந்தது அந்தப் பார்வை. கடைசியில் பூசியதையும் துடைத்துவிட்டு அவளை அவள் நிறத்திலேயே மேடைக்கு அனுப்பினேன். அதற்கு முன் அவள் கேட்டது இவ்வளவுதான்: "இறக்கை இருந்தா போதாதாண்ணே? சம்மனசு இன்னா கலர்னு யாரு பாத்தாங்க?"

மணப்பட்டு ராட்சசன்

வாத்தியாருக்கு நிரந்தர ராட்சசன், மணப்பட்டுக் கடலோரத்து தேசிங்கு. மீன்பிடிக்கிறவர். ஆறடிக்கு மேல் ஆகிருதி. வீட்டில் பேசினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும் குரல். ஆனால் சுபாவம் அப்படியே வேறு. பல் ஒட்டும்போது என் கை நடுங்கினால் எனக்காகக் கவலைப்படுகிற மனுஷன்.

அவர் மனைவி செல்லிப்பட்டுக்காரர். இரு வீட்டையும் மீறி நடந்த கல்யாணம். பிரசவத்தில் அந்த அம்மாள் இறந்துபோக, அவருடைய பிள்ளையில்லாத அக்கா வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு செல்லிப்பட்டுக்கே போய்விட்டார். தேசிங்கு ஆரம்பத்தில் போய்ப் பார்த்து வந்தார். குழந்தை இவர் குரலைக் கேட்டாலே வீறிட்டு அழுதது. அழ வைக்க மனசில்லாமல் போவதை நிறுத்திக்கொண்டார். பூங்காவனம் என்ற அந்தப் பெண் இப்போது கல்யாண வயசில் இருந்தாள். அங்கே போய் வந்தவர்களிடம் விசாரித்து விசாரித்தே மகளைத் தெரிந்துவைத்திருந்தார். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒருமுறை சொன்னார்: "மூஞ்சி என்னுதாம்பா. நாத்து நடறதுல ஊர்ல அதான் மொத ஆளாம். கடலப் பாத்ததே இல்லியாம்."

வெட்ட முடியாத ராட்சசன்

அந்த வருஷம் செல்லிப்பட்டிலேயே எங்கள் நாடகம் வந்து சேர்ந்தது. மேக்கப்புக்கு உட்கார்ந்ததும் தேசிங்கு ஒன்றே ஒன்று கேட்டார்: மகள் சாடையைக் கண்டுகொள்ளும்படி மூக்கை மட்டும் மறைக்காமல் விட வேண்டும். விட்டேன்.

கதைப்படி, ராட்சசன் அரண்மனைக் குழந்தையைக் காட்டுக்குத் தூக்கி வந்து, தின்னப் போகிற நேரத்தில் ராஜகுமாரன் வந்து வெட்ட வேண்டும். தேசிங்கு துணிப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு வந்தார். சிரிக்கவில்லை, கர்ஜிக்கவில்லை. சம்மணம் போட்டு உட்கார்ந்து பொம்மையை மடியில் கிடத்தி, உள்ளங்கையால் விசிறிக்கொண்டே இருந்தார். அந்தப் பெரிய குரலில் அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. கூட்டத்தில் குழந்தையை மடியில் வைத்திருந்த பெண்கள் அசையாமல் பார்த்தார்கள். வாளை உருவிக்கொண்டு பாய்ந்த ராஜகுமாரன் பாதியில் நின்று, திரைப்பக்கம் திரும்பிப் பரிதாபமாகக் கேட்டான்: "வாத்தியாரே, இவர எப்பிடி வெட்டறது?"

கூப்பிடுகிற பெயர்

பொழுது விடிந்து, சங்கராபரணி ஆற்றங்கரையில் அவர் முகத்துக்கு எண்ணெய் தடவி வேஷத்தைக் கலைத்துக்கொண்டிருந்தேன். பூங்காவனம் வந்து கொஞ்சம் தள்ளி நின்றாள். பின்னாலேயே அவளை வளர்த்த பெரியப்பா. பச்சை வழிய வழிய அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். யோசனையில் ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டாள். தேசிங்கு என் மணிக்கட்டை இறுக்கினார். அவரும் யோசிக்கும்போது அப்படித்தான் பிடரியைப் பிடிப்பார். தன் ரத்தம் தன்னை மறக்கவில்லை என்று அவர் கண் கலங்கியது.

நிமிர்ந்து பார்த்தால், பின்னால் நின்ற பெரியப்பாவும் பிடரியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். தேசிங்கு என் கையை விட்டுவிட்டார். 

அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். வீட்டில் இட்லி வைத்திருக்கிறது, சாப்பிட வர வேண்டும் என்றாள். அப்புறம் தயங்கி, தேசிங்கை என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டாள். வாயில் வருவதைக் கூப்பிடச் சொன்னார். வழக்கமான குரலில் பாதிகூட வெளியே வரவில்லை. அவள் பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். "இவரு அப்பா," என்றாள் பெரியப்பாவைக் காட்டி. "நீங்க மணப்பட்டு அப்பா. வாங்க, ஆறிப்போவுது."

தேசிங்கு ஒரு காதோரம் பச்சையோடே எழுந்து அவள் பின்னால் நடந்தார்.

பிறவி என்று சொல்லி நான் ஒட்டியதெல்லாம் தேங்காய் எண்ணெய் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. வளர்ப்பைக் கலைக்கிற எண்ணெய் மட்டும் இன்றுவரை எந்தக் கடையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.