மடித்து வைத்த ஓரம்

வில்லியனூர் தேருக்கு ஏம்பலத்துப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிப் போனவர்கள் சாமியைக் கும்பிட்டார்கள், வடம் தொட வந்த வெள்ளைக்காரத் துரையை வேடிக்கை பார்த்தார்கள், கையோடு தங்கள் ஊர்த் தையலம்மாளின் படப்பெட்டி முன்னால் வந்து குந்தினார்கள். பெரிய மரப்பெட்டி, முன்பக்கம் மூன்று கண்ணாடித் துளைகள். துளையில் கண்ணை வைத்தால் காசி தெரியும், கப்பல் தெரியும், யானைமேல் மகாராஜா தெரிவார். கயிற்றை இழுத்துப் படத்தை மாற்றிக்கொண்டே தையலம்மாள் கதை சொல்வாள். புருஷன் நடேசன் செத்த வருஷம், தாலியறுத்தவள் திருவிழாவில் உட்கார்ந்து கத்துவதா என்று ஊரில் முணுமுணுத்தார்கள். அவள் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். முணுமுணுத்தவர்களே அந்த வருஷம் முதல் ஆளாய் வந்து படம் பார்த்தார்கள்.

கடைசிப் படத்துக்குத்தான் கூட்டம். கடலூரில் ஒரு இங்கிலீஷ் துரை ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் நடேசன் எடுத்த சீமைப் படம் அது. பெரிய கூடம். தாடிவைத்த கிழவர் ஒருவர் கையை நீட்டி வாசலைக் காட்டுகிறார். வாசற்படியில் ஒரு இளம்பெண், மார்பில் கைக்குழந்தை. தங்கச்சி அவள் முந்தானையை, சரி, வெள்ளைக்காரிக்கு ஏது முந்தானை, அவள் போர்வையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். திறந்த கதவுக்கு வெளியே வெள்ளைவெளேரென்று என்னவோ கொட்டிக் கிடக்கிறது. அது உப்பு என்றார் நடேசன். மரக்காணத்து உப்பளத்தைப் பார்த்த கண்ணுக்கு வேறென்ன தோன்றும்? கெட்டுப்போன மகளை அப்பன் உப்பளத்தில் விரட்டிவிட்டான், தாயும் பிள்ளையும் தண்ணீர் தாகத்தில் செத்தார்கள் என்று கதை கட்டினார். பிரான்சு சண்டைக்குப் போய்வந்த பட்டாளத்துச் சொல்தா ஒருவர், அது உப்பல்ல, உறைபனி என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். என் பெட்டியில் அது உப்புதான் என்று சொல்லிவிட்டுத் தையலம்மாள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே எழுந்துபோவார்கள்.

அந்தக் கதை அவள் வீட்டுக்கே வந்தது. மகள் கஸ்தூரிக்கு வயிறு தெரிய ஆரம்பித்தது. கரும்பு வெட்டுக்குப் போன இடத்தில் பழக்கம், ஆள் சாமிநாதன், நாட்டாமை சுப்பராயலுவின் மகன். மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியபோது கஸ்தூரி அவன் பேரைத் தெளிவாகச் சொன்னாள். அவன் தனக்கு ஒன்றும் தெரியாது என்றான். அவனை யாரும் மறுபடி கேட்கவில்லை. அவளை மட்டும் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள்.

சுப்பராயலு தையலம்மாளுக்கு அண்ணன் முறை. அவர் கோபப்படக்கூட இல்லை, நல்ல யோசனை சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"நீ பொட்டியில காட்டுறதுதான தையலு. கெட்டுப்போன பொண்ண வூட்ட வுட்டு அனுப்புறது சீமையிலயே வழக்கம்னு நீயே கத சொல்ற. தேர் முடிஞ்சதும் அனுப்பிடு."

அனுப்பாவிட்டால் தாய்க்கும் மகளுக்கும் ஊர்க்கிணறு கிடையாது, நடவு வேலை கிடையாது, நெருப்புகூட யாரும் கொடுக்க மாட்டார்கள். கூட்டம் தலையாட்டியது. தையலம்மாள் அந்தக் கடைசிப் படத்தை நினைத்தாள். இத்தனை காலம் ஊரை அழவைத்துப் பிழைத்தோமே, ஒருத்தராவது அந்தக் கிழவனை ஏன் என்று கேட்டார்களா? நாமாவது கேட்டோமா?

வீட்டுக்கு வந்தவள் பெட்டியின் பின்கதவைத் திறந்து அந்தப் படத்தை உருவினாள். கிழித்து அடுப்பில் போடத்தான் எடுத்தாள். கையில் பிடித்தபோது வலது ஓரம் தடித்திருந்தது. படம் பெட்டியைவிட அகலம். அழுகிற பெண்ணும் விரட்டுகிற அப்பனும் தெரிந்தால் போதுமென்று நடேசன் அந்த ஓரத்தைப் பின்னால் மடித்துக் கஞ்சிப்பசையால் ஒட்டியிருக்கிறார். கலியாணமாகி அவள் வருவதற்கு முன்பே செய்த வேலை. தண்ணீர் தொட்டு மெதுவாகப் பிரித்தாள். சன்னல் திரைக்குப் பின்னால் பாதி மறைந்து ஒரு இளைஞன் நின்றுகொண்டிருந்தான். நல்ல உடுப்பு. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தையலம்மாள் படத்தை அடுப்பில் போடவில்லை. பிறகு கஞ்சி காய்ச்சினாள். இடது பக்கத்து அலமாரியையும் கடிகாரத்தையும் மடித்து ஒட்டிவிட்டு, அவன் முழுசாகத் தெரியும்படி படத்தைப் பெட்டிக்குள் சொருகினாள்.

தேருக்குக் கஸ்தூரியையும் கூட்டிக்கொண்டு போனாள். வீட்டிலேயே இருக்கட்டுமே என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கஸ்தூரி மேடிட்ட வயிற்றோடு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மணி அடித்தாள். கடைசிப் படம் வந்ததும் தையலம்மாள் குரலை உயர்த்தினாள்.

"அப்பங்காரன் வாசலக் காட்டுறான். எல்லாரும் அந்தப் பொண்ணயே பாக்குறீங்க. கொஞ்சம் சோத்துக்கை பக்கம் பாருங்க. திரைக்குப் பின்னால ஒருத்தன் தொப்பிய புடிச்சிகினு நிக்கிறான். அவன யாரு வாசலக் காட்டி போச் சொன்னாங்க?"

கதையை அங்கேயே நிறுத்திவிட்டாள். அந்த வருஷம் யாரும் அழவில்லை. பார்த்தவர்கள் எழுந்ததும் கஸ்தூரியைப் பார்த்தார்கள், பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஏம்பலத்து ஆட்கள் பார்த்துவிட்டு மறுபடி வந்து வரிசையில் நின்றார்கள். நாட்டாமையின் மனைவி ருக்குமணி வந்து உட்கார்ந்தாள். படம் மாறிய பிறகும் துளையிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்தாள். சாயங்காலம் சுப்பராயலுவே வந்தார்.

அவர் வேட்டியை மடித்துக் குந்தி, பார்த்து, நிமிர்ந்தார். இத்தனை வருஷம் இவன் படத்தில் இல்லையே, நீ எதையோ கொண்டுவந்து ஒட்டியிருக்கிறாய் என்றார்.

"இருந்தான் அண்ணே. நாமதான் மடிச்சி வெச்சிருந்தோம்."

அவர் பெட்டியை மூடச் சொன்னார். தையலம்மாள் அடுத்தவர்களை உட்காரச் சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தாள்.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் காலை, தாயும் மகளும் குடத்தோடு ஊர்க்கிணற்றுக்குப் போனார்கள். சுப்பராயலு நாலு பெரிய மனிதர்களோடு அங்கே காத்திருந்தார். தண்ணீர் எடுக்க வந்த பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். சொன்ன கெடு முடிந்தது, மகளை எப்போது அனுப்புகிறாய் என்று கேட்டார். தையலம்மாள் குடத்தைக் கிணற்று மேடையில் வைத்தாள்.

"அனுப்புறேன் அண்ணே. மொதல்ல உங்க மவன் ஊர வுட்டு நடக்கட்டும். எம் பொண்ணு பின்னாலயே வருவா."

 பெரிய மனிதர்கள் சுப்பராயலுவைப் பார்த்தார்கள். அவர் வாய் திறக்கக் காத்திருந்தார்கள். ஒரே பிள்ளை, மூன்று காணி நன்செய்க்கு வாரிசு. அவனை ஊரைவிட்டு அனுப்ப அவருக்கு மனமில்லை. பெண்கள் கூட்டத்திலிருந்து ருக்குமணி வந்தாள். புருஷனைத் தாண்டிப்போய், கிணற்றடியில் கிடந்த கயிற்றை எடுத்துக் கஸ்தூரியின் கையில் கொடுத்தாள்.

கஸ்தூரி குடம் நிறைய இறைத்தாள். எல்லாரும் பார்க்க அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடுத்தெரு வழியாக வீட்டுக்குப் போனாள்.