ராகு காலத்தில் கிடைத்த படிகம்

அறிவுமதி சமயபுரத்துத் தேங்காய்க்கடைக்காரர் மகள். திருச்சிக் கல்லூரி ஒன்றில் படிகங்களை ஆராய்ந்து முனைவர் பட்டத்துக்கு உழைக்கிறாள். படிகத்தில் எக்ஸ்ரேயைப் பாய்ச்சினால் புள்ளிகள் விழும். புள்ளியின் பிரகாசம் தெரியும். அலை ஏற்றத்திலா இறக்கத்திலா, எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது என்பது தெரியாது. அது தெரியாமல் அணு இருக்கும் இடத்தைச் சொல்ல முடியாது. மென்பொருள் குருட்டாம்போக்கில் கட்டங்களை ஊகித்து, திருத்தித் திருத்தி விடையைப் பிடிக்கும்.

அந்தக் குருட்டாம்போக்குக்கும் நல்ல நேரம் பார்ப்பவர் அவளுடைய வழிகாட்டி, ஸ்ரீரங்கத்துப் பேராசிரியர் மதுசூதன். நேரம் குறித்துத் தருவது அவருடைய தங்கை மகனும் மாணவனுமான ஜகன்னாத். அறிவியலில் அவன் பங்களிப்பு அவ்வளவுதான்.

ஒரு வருஷமாக அறிவுமதியின் படிகத்துக்கு விடை வரவில்லை. பெரிய புள்ளிகளின் ஓரத்தில் மங்கலாகச் சில சிறு புள்ளிகள் இருந்தன. "அழுக்கும்மா, துடைச்சுடு" என்பது மதுசூதனின் கட்டளை. அணுக்கள் நேர்வரிசையில் நில்லாமல் அலைபோல் விலகி நின்றால் இப்படித்தான் விழும் என்று அறிவுமதிக்குப் பட்டது. ஒரு வெள்ளிக்கிழமை அவற்றையும் சேர்த்து, நான்கு பரிமாணத்தில் கணக்கிட மென்பொருளை ஓடவிட்டாள். மணி பதினொன்று, அசல் ராகு காலம். சாப்பாட்டுக்கு முன்பே அணுக்கள் திரையில் அலையலையாக வந்து நின்றன.

"ராகு காலத்துலயா ஓட்டினே? நிலைக்காதும்மா" என்றார் மதுசூதன்.

ஜகன்னாத் குறித்த நல்ல நேரத்தில் மறுபடி ஓட்டினாள். அதே அணுக்கள், அதே இடம்.

"பாத்தியா, இப்பத்தான் சித்திச்சிருக்கு!" என்று பூரித்தார். நேரம் குறித்தவன் ஜகன்னாத் அல்லவா? கட்டுரையில் முதல் பெயர் அவனுக்காம். முதல் பெயரில் கட்டுரை இல்லாமல் அவளுக்குப் பட்டம் கிடையாது என்பது அவருக்கும் தெரியும்.

"சரிங்க சார். துறைக் கூட்டத்துல ஜகன்னாத்தே விளக்கட்டும்" என்றாள்.

"விளக்கறதென்ன, முகூர்த்தத்துல ஓட்டியே காட்டுவான்!"

கூட்டத்தில் ஜகன்னாத் ஓட்டினான். திரையில் அணுவும் இல்லை, அலையும் இல்லை, வெறும் கூழ். துறைத்தலைவர் இருதயநாதன் குனிந்து பார்த்தார். "சின்னப் புள்ளியெல்லாம் எங்க தம்பி?"

"அழுக்கு சார். மாமா சொன்னபடி நானே துடைச்சிட்டேன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அறிவுமதி எழுந்துபோய்ப் புள்ளிகளைச் சேர்த்து ஓட்டினாள். அணுக்கள் வந்தன.

"இது யாரு வேலை, மதுசூதன்? கட்டுரையில முதல் பேரு யாரு?"

"அறிவுமதி..." என்று முணுமுணுத்தார் மதுசூதன்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க சார்," என்றாள் அவள். "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."