சிவப்பா, வெள்ளையா

மகளின் இன்ஜினியரிங் படிப்புக்குப் பெரிய பல்கலைக்கழகமா, சின்னக் கல்லூரியா என்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். நானே முடிவு செய்வேன் என்று வீட்டில் வீரம் பேசிய நான், ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குப் பூக்கட்டிப் பார்க்க ஓடினேன். சிவப்புப் பூ வந்தால் பெரியது, வெள்ளை வந்தால் சின்னது.

அங்கே தேய்த்த சட்டையோடு ஒருவர், கைக்குழந்தைக்குத் துணி சுற்றுவதுபோல் பூப்பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தார். வந்த காரியத்தை அவரிடம் சொன்னேன்.

"எம் மகனுக்கும் இப்படித்தான் பாத்தேன் அண்ணாச்சி. சிவப்பு வந்துச்சு. பெரிய யூனிவர்சிட்டிலயே சேத்தேன்."

"பொறவு?"

"படிச்சு முடிச்சு வீட்ல இருக்கான். பேண்டேஜ் கம்பெனிக்கு அனுப்பவா, துணிக்கடைக்கு அனுப்பவான்னு கேக்க வந்திருக்கேன். ஒங்களுக்கு அவசரம்போல, நீங்க மொதல்ல பாருங்க."

எனக்கு வெள்ளை வந்தது. மகள் இப்போது சின்னக் கல்லூரியில் கடைசி வருடம்; அடுத்தது வேலை. பொட்டலம் மடிக்கும் விதத்தை அவரிடமே கேட்டு வைத்திருக்கலாம்.