மாமாவின் புல்லட்டும் நான் எழுதிய பராதியும்

மாமா தன் புல்லட்டுக்கு சைலன்சர் மாற்றிய வருடம் நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிக்குப் போகிற வழியில், சுக்கு குடோன்களுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். அந்த வீட்டில் மலையாளம் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அப்பா கார்ப்பரேஷனில் தெரு கூட்டினார், அம்மா குடோனில் சுக்கு தரம் பிரித்தாள். இருவருக்கும் மலையாளம் பேச வரும், எழுத்து வராது. ரேஷன் கார்டுக்கு மனு, கரண்டு ஆபீசுக்கு மனு, பக்கத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு, எல்லாம் நான்தான் எழுதுவேன். பத்து வயதில் எனக்கிருந்த செல்வாக்கு அதற்குப் பிறகு எந்த வயதிலும் வாய்க்கவில்லை.

மாமா அம்மாவின் தம்பி. அவர்களுடைய அம்மா சீக்கிரமே இறந்துபோனதால், அம்மாதான் இடுப்பில் வைத்துச் சோறூட்டி அவரை வளர்த்தாள். பதினாறு வயதில் அக்காவைத் தேடிக் கொச்சிக்கு வந்தவர், தோப்பும்படி ஹார்பரில் மீன் லாரிகளுக்கு ஐஸ் ஏற்ற ஆரம்பித்து, நான் சொல்கிற காலத்தில் அங்கேயே ஒரு மினி லாரிக்கு டிரைவராகியிருந்தார். மலையாளத்தில் யாரோடும் சண்டை போட்டு ஜெயிக்கக்கூடியவர். ஆனால் பஸ் போர்டைப் படிக்க வேண்டுமென்றால் என்னைத்தான் பார்ப்பார். எங்களோடுதான் இருந்தார். இடையில் ஒருமுறை அம்மா ஏதோ சொல்லப்போக, கோபித்துக்கொண்டு பையைத் தூக்கித் தோளில் போட்டுப் போய், கூட்டாளிகளின் அறையில் இரண்டு மாதம் தங்கிவிட்டார். அந்த இரண்டு மாதமும் அம்மா எங்களோடு பேசியதைவிடப் பாத்திரங்களோடு பேசியதுதான் அதிகம்.

புல்லட் பழசு. யாரோ ஓட்டிக் கைவிட்டு, இன்னொருவர் பச்சைப் பெயிண்ட் அடித்து, மூன்றாவதாக மாமாவிடம் வந்தது. அது போடுகிற சத்தமே எங்கள் சந்துக்குப் போதுமானதாக இருந்தது. மாமாவுக்குப் போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைப் பின்னால் உட்காரவைத்து இடப்பள்ளிக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு கடையில் சுவர் முழுக்க சைலன்சர்கள் தொங்கின. நீளமானவை, குட்டையானவை, வாய் அகன்றவை. நாதஸ்வரம் விற்கிற கடை என்றே நான் நினைத்தேன். மாமா ஒவ்வொன்றாக வாங்கி, ஒற்றைக் கண்ணை மூடி உள்ளே பார்த்தார். கடைசியில் குட்டையான ஒன்றின் ஒரு முனையில் கண்ணை வைத்து, மறுமுனையில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"உள்ள ஒரு தடையும் இல்ல, குட்டி. நேரே போகும்."

அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு தோப்பும்படிக்கு வந்தேன். ஹார்பருக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப். அங்கிருந்த மெக்கானிக் சேட்டன் வண்டியிலிருந்த பழைய கம்பெனி சைலன்சரைக் கழற்றிக் கீழே வைத்தார். நீளமாக, புகையில் கறுத்து, பெரிய மீன் ஒன்றை வலையிலிருந்து எடுத்துப் போட்டதுபோலக் கிடந்தது. புதியதை மாட்டி, காற்று இனி வேறு மாதிரி போகும், அப்படியே விட்டால் படபடவென்று வெடிக்கும் என்று சொல்லி, கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூவை நகத்தளவு திருப்பினார். பிறகு மாமா கிக்கரை உதைத்தார்.

அந்த முதல் சத்தம் எனக்குக் காதில் கேட்கவில்லை, வயிற்றில் கேட்டது. மீனுக்காகக் காத்திருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. எதிரே சாயா குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸை வைத்துவிட்டுத் திட்டினார். திட்டினார் என்பது வாயசைவில்தான் தெரிந்தது. மாமாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"என்னல இது? வண்டியா, நெல்லு மிஷினா?"

"சத்தத்துக்கு மட்டும் இல்லக்கா. இப்ப நல்ல வலி உண்டு."

அம்மாவின் கை காதிலிருந்து இறங்கியது. "வலியா? எங்க இடிச்ச?" என்று அவருடைய கையையும் முழங்காலையும் பார்த்தாள். நானும் மாமாவும் விழுந்து விழுந்து சிரித்தோம். மலையாளத்தில் வலி என்றால் வண்டியின் இழுவை என்று நான்தான் விளக்கம் சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை. கழற்றிக் கொண்டுவந்திருந்த கம்பெனி சைலன்சரை மட்டும் துணியால் துடைத்து, சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தாள்.

அதற்குப் பிறகு எங்கள் சந்தில் மாமாவின் வருகை ஒரு தினசரி நிகழ்ச்சியாகிவிட்டது. குடோன் கூரையில் புறாக்கள் எழும்பும். பக்கத்து வீட்டுக் குழந்தை அலறும். ஓட்டு இடுக்கிலிருந்து கறுப்புத் தூசி சோற்றுத் தட்டில் விழும். பக்கத்து வீட்டு அக்கா இரண்டு தடவை வந்து சொல்லிப் பார்த்தாள். அப்பா, "வயசுப் பையன், கொஞ்ச நாளில் அவனுக்கே அலுத்துப்போகும்" என்றார். எனக்கு அலுக்கவே இல்லை. மாமா என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிடும்போது, அசெம்பிளியில் நிற்கும் மொத்தப் பள்ளிக்கூடமும் திரும்பிப் பார்க்கும். நான் திரும்பிப் பார்க்காமல் நடப்பேன்.

இதெல்லாம் அப்படியே போயிருக்கும். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமா என்னைப் பாலத்தைத் தாண்டி ஐலண்டுக்குக் கூட்டிப்போனார். வில்லிங்டன் ஐலண்டில் விடுமுறை நாளில் சாலைகள் காலியாகக் கிடக்கும். இரண்டு பக்கமும் பெரிய பெரிய மழைமரங்கள். அங்கே மாமாவின் கூட்டாளிகள் ஆறேழு பேர் வண்டிகளோடு நின்றார்கள். எல்லா வண்டிக்கும் குட்டைக் குழாய். என்னை ஒரு மதில்மேல் உட்காரவைத்து, கையில் ஒரு பொட்டலம் கடலையைக் கொடுத்து, "கைக்குட்டையைக் கீழ போடு குட்டி, அதுதான் சிக்னல்" என்றார்கள். மூன்று முறை போட்டேன். மூன்று முறையும் மாமாதான் முதலில் வந்தார். மூன்றாவது முறை ஒரு சேட்டனின் வண்டி சருகில் வழுக்கி, அவர் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமுமாகப் போனார்கள். எழுந்து வந்தவரின் தாடையில் ரத்தம். அவரே சிரித்ததால் நானும் சிரித்தேன். திரும்பும் வழியில் மாமா, "அக்காட்ட சொல்லாத, கேட்டியா" என்றார். சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் அம்மா எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது, மாமா மூன்று முறையும் ஜெயித்தது எனக்குள் நிற்கவில்லை. கைக்குட்டையைப் போட்டது நான்தான் என்பதும் நிற்கவில்லை. விழுந்தவர் உருண்ட விதத்தைத் தரையில் உருண்டே நடித்துக் காட்டினேன். அம்மா என்னை எழுப்பி உட்காரவைத்து, மறுபடி முதலிலிருந்து பின்ன ஆரம்பித்தாள். ரிப்பனை மிக இறுக்கமாகக் கட்டினாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "நோட்டுல ஒரு தாள் கிழி. ஒரு மனு எழுதணும்" என்றாள்.

"யாருக்கு?"

"போலீசுக்கு. பராதி."

அம்மா தமிழில் சொல்லச் சொல்ல அந்தப் புகாரை நான் மலையாளத்தில் எழுதினேன். சத்தமாக ஓடுகிற ஒரு பச்சைப் புல்லட் தினமும் இந்த வழியாகப் போகிறது. குழந்தைகள் பயப்படுகின்றன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐலண்டில் பந்தயம் ஓடுகிறது. வண்டி நம்பர் இது. நம்பர் வந்தபோதுதான் எனக்கு யாரைப் பற்றி எழுதுகிறேன் என்பதே உறைத்தது. பேனாவை நிறுத்தினேன்.

"இது மாமா வண்டில்லா?"

"ஆமா. எழுது."

"மாமாவைப் பிடிச்சிருவாங்களே."

"குழாயத்தான் பிடிப்பாங்க. நான் சொன்னா சண்டை போட்டுட்டுப் போயிருவான். போலீஸ்கிட்ட எங்கிட்டு சண்டை போட? எழுது."

எழுதினேன். அம்மா மேலும் சொன்னாள். வண்டி ஓட்டுகிறவன் நல்ல பையன். குடிக்க மாட்டான். அவனை அடிக்கக் கூடாது. குழாயைக் கழற்றிவிட்டு வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். நான் முடிக்கப்போனபோது, "பொறு" என்று நிறுத்தி இன்னொன்றும் சேர்த்தாள். அவன் பசி தாங்க மாட்டான், நெடுநேரம் நிறுத்தி வைக்க வேண்டாம். இப்படிக்கு, ஊர்க்காரர்கள்.

பராதியில் இப்படியெல்லாம் எழுதுவார்களா என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் டீச்சர் கடிதம் எழுதச் சொல்லித் தந்தபோது கடைசியில் பணிவாக நான்கு வார்த்தை வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார். அதுதான் இது என்று எடுத்துக்கொண்டேன். குடோனுக்குப் போகிற வழியில் அம்மா அதை ஸ்டேஷன் வாசலில் இருந்த பராதிப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா நடந்து வந்தார். ஐலண்டுக்குப் போகிற வழியில், பாலத்துக்கு இந்தப் பக்கமே மடக்கிவிட்டார்களாம். கம்பெனி சைலன்சரைக் கொண்டுவந்து மாட்டி, அபராதம் கட்டி, இனி குழாயை மாற்ற மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துப் போகச் சொல்லியிருந்தார்கள். எழுதிக் கொடுப்பது என்றால் நான்தானே. மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, ஆட்டோவில், சாக்கில் சுற்றிய சைலன்சருக்கு இந்தப் பக்கம் மாமாவும் அந்தப் பக்கம் நானுமாகப் போனோம்.

மெக்கானிக் சேட்டன் வந்து ஸ்டேஷன் முற்றத்திலேயே குழாயை மாற்றினார். உள்ளே ஒரு எஸ்.ஐ. சார், தலை நரைத்தவர். எங்களைப் பார்த்ததும் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். என் நோட்டுத் தாள். ஓரத்தில் சிவப்புக் கோடு.

"என் சர்வீசில் எத்தனையோ பராதி பார்த்திருக்கிறேன்" என்று மலையாளத்தில் சொன்னார். "இது பராதியா, சிபாரிசா என்றே எனக்கு விளங்கவில்லை. யாரப்பா உனக்கு இப்படியொரு எதிரி?"

மாமா தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் நீட்டினார்.

"என்ன எழுதியிருக்கு? படி குட்டி."

என் எழுத்தை நானே, முதல்முறை பார்ப்பதுபோலப் படித்தேன். பச்சைப் புல்லட், குழந்தைகள், பந்தயம், நம்பர் எல்லாவற்றையும் தமிழில் வேகமாகச் சொல்லித் தாண்டினேன். மாமாவின் தாடை இறுகுவது தெரிந்தது. நல்ல வார்த்தைகள் வந்ததும், கோபம் தணியட்டும் என்று சத்தமாகவும் நிறுத்தியும் படித்தேன். நல்ல பையன். குடிக்க மாட்டான். அடிக்கக் கூடாது. பசி தாங்க மாட்டான்.

"அத இன்னொரு வாட்டி படி."

"பசி தாங்க மாட்டான், நெடுநேரம் நிறுத்தி வைக்க வேண்டாம்."

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முற்றத்தில் மெக்கானிக் சேட்டன் போல்ட்டை முறுக்கிக்கொண்டிருந்தார். அதையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "சாரே, இந்தப் பேப்பரை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டார். பெயரில்லாத பராதியை ஃபைலில் வைக்க முடியாது, கொண்டுபோ என்றார் அவர். மாமா நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். எனக்கு உயிரே போய்விட்டது. கையெழுத்தை வைத்துக் கண்டுபிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

திரும்பும்போது வண்டி முனகிக்கொண்டே போனது. மாமா மெதுவாக, குழந்தையைத் தூக்கிப் போகிறவர்போல ஓட்டினார். வழியில் நிறுத்தி எனக்கு எலுமிச்சை பிழிந்த நாரங்கா சோடா வாங்கிக் கொடுத்தார். தனக்கு வேண்டாம் என்றார். நாங்கள் சந்துக்குள் நுழைந்தது யாருக்கும் தெரியவில்லை. புறாக்கள் உட்கார்ந்தபடியே இருந்தன.

அம்மா குடோனுக்குப் போயிருக்கவில்லை. வாசலில் குத்தவைத்து மத்தி கழுவிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"வண்டி கிடைச்சுதா?"

"கிடைச்சுது. எவனோ எழுதிப் போட்டிருக்கான்க்கா. குடோன்காரன் எவனாவது இருக்கும்."

"நாசமாப் போறவன்" என்றாள் அம்மா, மீனைப் பார்த்து.

"அப்படிச் சொல்லாதக்கா" என்றார் மாமா. "அவன் நல்லா இருக்கட்டும்."

அம்மாவின் கை நின்றது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், இருக்கிற சோற்றைப் போடு, பசிக்கிறது என்றார். அம்மா செதிள் ஒட்டிய கையோடு அவசரமாக எழுந்தவள், முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். மீன் வாடை அவள் கண்ணில் ஏறிவிட்டது என்று நினைத்தேன். அம்மா மாமாவின் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே இருந்தாள். மாமாவும் போதும் என்று சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

நான் வாசலில் உட்கார்ந்து, பூனை வராமல் மீனுக்குக் காவல் இருந்தேன். மாமாவுக்கு எழுதியது யாரென்று தெரியவில்லை, அம்மாவும் மாட்டிக்கொள்ளவில்லை. ஸ்டேஷனில் நான் அப்படி உஷாராகப் படித்ததால்தான் எல்லாம் தப்பியது. இவ்வளவு பெரிய ரகசியத்தை நான் ஒருத்தி கட்டிக் காத்து, இரண்டு பேரையும் காப்பாற்றிவிட்டேன் என்று, எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.